ஓணத்துக்குப் புதிய டிவி: எல்இடியா, ஓஎல்இடியா? கூடத்தின் வெளிச்சமும் துலாவர்ஷத்தின் இடியும் சொல்லும் விடை

திருவனந்தபுரம்: கேரளத்தில் ஒரு குடும்பம் பழைய தொலைக்காட்சிப் பெட்டியை மாற்றும் காலம் பெரும்பாலும் ஓணம்தான். போனஸ் கைக்கு வருவதும் கடைகள் சலுகைப் பலகைகளைத் தொங்கவிடுவதும் ஒரே சமயத்தில் நிகழ்வதால் வேரூன்றிய வழக்கம் இது. கடந்த ஆண்டு இந்த வழக்கத்துக்கு ஒரு விலை கொடுக்க நேர்ந்தது.

2025 செப்டம்பர் 3 அன்று புது தில்லியில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-ஆவது கூட்டம், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவு செய்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 5 அன்று, திருவோணம். புதிய வரி நடைமுறைக்கு வந்ததோ நவராத்திரி தொடங்கிய செப்டம்பர் 22 அன்று. வட இந்தியப் பண்டிகைச் சந்தைக்குக் கச்சிதமாகப் பொருந்திய அந்தத் தேதி, கேரளத்தின் பண்டிகை முடிந்து பதினேழு நாள் கழித்து வந்தது.

வரிக்கு முந்தைய விலை 40,000 ரூபாயாக உள்ள ஒரு டிவியை எடுத்துக்கொள்வோம். 28 சதவீத வரியுடன் அதன் விலை 51,200 ரூபாய். 18 சதவீத வரியுடன் 47,200 ரூபாய். வேறுபாடு 4,000 ரூபாய். அந்த ஆண்டு கேரள அரசு ஊழியர்களுக்கு அறிவிக்கப்பட்ட ஓண போனஸ் 4,500 ரூபாய். தலைமைச் செயலகமும் துறை இயக்ககங்களும் நிறைந்த இந்நகரில், ஓணத்துக்கு முந்தைய நாள் டிவி வாங்கிய ஓர் ஊழியரின் போனஸில் பெரும்பகுதி வரி வேறுபாட்டிலேயே கரைந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வாண்டு திருவோணம் ஆகஸ்ட் 26 அன்று வருகிறது. 18 சதவீத வரியுடன் கேரளம் சந்திக்கும் முதல் ஓணச் சந்தை இது. அதற்கு முன்னதாக ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் உலகக் கோப்பைக் கால்பந்து. 2022 உலகக் கோப்பையின்போது எர்ணாகுளம் மாவட்டத்தின் முண்டக்காமுகள் என்ற ஊரில் 17 ரசிகர்கள் சேர்ந்து, ஆட்டங்களை ஒன்றாகப் பார்ப்பதற்காக 23 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டையே வாங்கிய மாநிலம் இது. பெரிய திரைக்கான ஆர்வம் ஓணம் வரை காத்திருக்குமா என்பது ஐயமே.

வரி குறைந்ததால் கிடைத்த பலன் முழுவதும் வாங்குபவரின் பையில் தங்கிவிடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். டிவியின் அடக்க விலையில் பெரும்பகுதி அதன் பேனலுக்கு உரியது. அது பெரும்பாலும் சீனாவிலிருந்து இறக்குமதியாகிறது. 2025 டிசம்பரில் ரூபாய் மதிப்பு டாலருக்கு 90-க்கும் கீழே சரிந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கிக் குவித்ததால் டிவிக்குள் இருக்கும் சில்லுகளின் விலையும் ஏறியது. ஆகவே "வரி குறைந்துவிட்டது, பெரிதாக ஒன்றை வாங்கலாம்" என்று கடைக்குச் செல்பவர், மிச்சமாகும் பணத்தை எதில் செலவிடுகிறோம் என்பதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியுள்ளது.

நான்கு பெயர்கள், இரண்டு தொழில்நுட்பங்கள்

திருவனந்தபுரத்தின் முந்தைய தலைமுறைக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. கே. பி. பி. நம்பியாரின் தலைமையில் 1973-இல் தொடங்கப்பட்ட மாநில அரசு நிறுவனமான கெல்ட்ரான் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு டிவிகளையும் விற்றது. 1985 ஜனவரி 1 அன்று இங்குள்ள தூர்தர்ஷன் நிலையம் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியபோது, வாங்குபவர் முன் இருந்த கேள்விகள் இரண்டே: கறுப்பு வெள்ளையா, வண்ணமா? எத்தனை அங்குலம்? உள்ளே இருந்தது எல்லாவற்றிலும் அதே படக்குழாய்தான்.

இன்று கிழக்கே கோட்டையிலோ எம்.ஜி. சாலையிலோ ஒரு கடைக்குள் நுழைபவர் எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என நான்கு பெயர்களை எதிர்கொள்கிறார். நான்கும் ஒரே ஓசையில் முடிகின்றன. கடைசிப் பெயரைத் தமிழில் "கரிம ஒளி உமிழ் டையோடு" என்று எழுதினால் வேறுபாடு உடனே விளங்கும். ஆனால் எந்த விற்பனையாளரிடமும் அப்படிக் கேட்க முடியாது.

உண்மையில் இவை இரண்டே வகைகள். முதல் மூன்றும் திரவப்படிகத் திரைகள், அதாவது எல்சிடி. திரவப்படிகம் தானாக ஒளிராது. பின்னால் எரியும் விளக்கின் ஒளியைத் தடுத்தோ விடுத்தோ படத்தை உருவாக்குகிறது. அந்தப் பின்விளக்கு எல்இடி என்பதால் கடைக்காரர்கள் டிவியையே எல்இடி என்று அழைக்கத் தொடங்கினர். கியூஎல்இடி என்பது அதே திரையில் குவாண்டம் புள்ளிகள் பூசிய ஒரு தாளைச் சேர்த்தது. இந்த நுண்துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக மௌங்கி பாவெண்டி, லூயி புரூஸ், அலெக்சி எகிமோவ் ஆகியோருக்கு 2023-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நிறங்கள் செழுமையாகத் தெரியும். ஆனால் கறுப்பு கறுப்பாகத் தெரிவதற்கு இத்தாள் உதவாது. அதற்குப் பின்விளக்கு மாற வேண்டும்.

மினி எல்இடி அந்த மாற்றத்தைத்தான் செய்கிறது. மிகச் சிறிய விளக்குகள் ஆயிரக்கணக்கில் திரையின் பின்னால் பரப்பப்பட்டு, மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, காட்சிக்கேற்பத் தனித்தனியே மங்கவும் ஒளிரவும் செய்கின்றன. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. மண்டலங்கள் 500 என்றால், ஒவ்வொரு மண்டலமும் சுமார் 16,600 புள்ளிகளுக்குப் பொறுப்பு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் வசன வரி தோன்றும்போது அதைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிவட்டம் தெரிவது இதனால்தான். மண்டலங்கள் கூடக்கூட ஒளிவட்டம் குறையும். பெட்டியின் மேல் "மினி எல்இடி" என்று கொட்டை எழுத்தில் அச்சிடும் பலர், மண்டலங்களின் எண்ணிக்கையை அச்சிடுவதில்லை. விற்பனையாளரிடம் கேட்டுப் பெற வேண்டிய முதல் எண் அதுவே.

இரண்டாம் வகை ஓஎல்இடி. இதில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும்; அணைந்தால் முற்றிலும் இருள். 2007-இல் சோனி வெளியிட்ட 11 அங்குலத் திரையிலிருந்து தொடங்கிய இதன் பயணம் இன்று கைபேசி முதல் சுவர் அளவுத் திரை வரை வந்துவிட்டது. படத் தரத்தை மட்டும் வைத்து மதிப்பிட்டால், விளக்கணைத்த அறையில் திரைப்படம் பார்ப்பதற்கு இதற்கு இணையானது வீட்டுச் சந்தையில் இல்லை. 55 அங்குலத்தின் விலை சலுகைக் காலத்திலும் பெரும்பாலும் ஒரு லட்சம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அதே அளவிலான மினி எல்இடி அதில் பாதி விலைக்கு அருகிலேயே கிடைக்கத் தொடங்கியுள்ளது.

விலை கொடுக்க முடிந்தவர் ஓஎல்இடியை வாங்கிவிடலாமே என்று தோன்றும். கேரளத்தின் ஒரு சராசரிக் குடும்பக் கூடத்தைப் பொறுத்தவரை, அந்த முடிவை மூன்று முறை யோசிப்பது நல்லது என்பதே இச்செய்தியாளரின் கருத்து. காரணங்கள் தொழில்நுட்பத்தில் பாதி, இவ்வூரின் வாழ்க்கையில் பாதி.

அணையாத எழுத்துப்பட்டை

மலையாளச் செய்திச் சேனல்கள் காலை முதல் இரவு வரை ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் இங்கு ஏராளம். தேர்தல் காலம் என்றால் சொல்லவே வேண்டாம். திரையின் ஒரு மூலையில் சேனலின் சின்னம், கீழே சிவப்பு அல்லது நீலப் பட்டை, அதன்மேல் ஓடும் எழுத்துகள் ஆகியவை மணிக்கணக்கில் இடம் மாறாமல் நிற்கின்றன. மாலையில் தொடர்கள், அங்கும் மூலையில் சின்னம். தமிழ்ச் சேனல்களை மட்டும் பார்க்கும் கரமனை, வலியசாலைக் குடும்பங்களிலும் இதே நிலைதான்.

ஓஎல்இடி திரையின் புள்ளிகள் கரிமப் பொருள்களால் ஆனவை. ஒளிரும் நேரத்துக்கு ஏற்ப அவை மெல்லத் தேய்கின்றன. எல்லாப் புள்ளிகளும் சமமாகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே சின்னம் ஆண்டுக்கணக்கில் ஒளிர்ந்தால், அந்த இடம் மட்டும் முந்தித் தேய்ந்து, வேறு காட்சி வரும்போதும் சின்னத்தின் நிழல் தங்கிவிடும். கனடாவைச் சேர்ந்த ஆர்டிங்ஸ் என்ற சோதனை நிறுவனம் 2018-இல் ஒரே மாதிரியைச் சேர்ந்த ஆறு 55 அங்குல ஓஎல்இடி டிவிகளை நாளொன்றுக்கு 20 மணி நேரம் வீதம் ஓட விட்டது. சிஎன்என் செய்திச் சேனலை மட்டும் காட்டிய திரைகளில் நிரந்தரத் தடம் பதிந்தது. பலவகைக் காட்சிகளைக் காட்டிய திரைகள் அந்த அளவு பாதிக்கப்படவில்லை. நாளுக்கு 20 மணி நேரம் எந்த வீட்டிலும் இல்லை என்பதும், அதன் பிறகு பேனல்கள் மேம்பட்டுள்ளன என்பதும் உண்மை. ஆனால் தேய்மானம் நீங்கவில்லை, தள்ளிப்போடப்பட்டிருக்கிறது.

தள்ளிப்போடும் வேலையைச் செய்வது டிவிக்குள் இருக்கும் ஒரு தானியங்கி ஏற்பாடு. சில மணி நேரம் ஓடிய டிவியை ரிமோட்டில் அணைத்ததும், அது அமைதியாகப் புள்ளிகளைச் சோதித்துத் தேய்மானத்தை ஈடுசெய்துகொள்கிறது. இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்நேரம் டிவி மின் இணைப்பில் இருந்தாக வேண்டும்.

கேரளத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பிளக்கைப் பிடுங்கும் மாநிலம்

மின்னலைத் தனது மாநிலத்துக்கே உரிய பேரிடராக அறிவித்த அரசு கேரள அரசு. கோடையின் பிற்பகுதியிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களின் துலாவர்ஷத்திலும் பிற்பகலுக்கு மேல் இடி மின்னல் வலுக்கும். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இக்காலங்களில் விடுக்கும் எச்சரிக்கைகள் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரையிலான நேரத்தைக் குறிப்பிட்டு, மின்சாதனங்களின் இணைப்பைத் துண்டிக்குமாறு அறிவுறுத்துகின்றன. வீடுகளில் டிவி அதிகம் ஓடும் நேரமும் அதுவே.

எனவே இங்கு முதல் இடி கேட்டதும் டிவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபிள் கம்பியையும் கழற்றிப் போடுவது குழந்தைகளுக்கும் தெரிந்த பழக்கம். சரியான பழக்கமும்கூட. ஆனால் ஓஎல்இடி டிவியில் அப்படிச் செய்யும் ஒவ்வொரு முறையும், புள்ளிகளை ஈடுசெய்யும் சுழற்சி தடைபடுகிறது. இடி ஓய்ந்தபின் பிளக்கை மீண்டும் மாட்டி, டிவியைக் காத்திருப்பு நிலையில் விட்டுவிட்டால் போதும். இரவு படுக்கும் முன் எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுப் படுக்கும் வீட்டில் இதை யார் நினைவில் வைத்திருப்பது என்பதுதான் கேள்வி. டிவியுடன் வரும் கையேட்டில் இந்த விவரம் ஒரு வரியாக இருக்கும். கடையில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

மின்னல் எல்சிடி திரைகளையும் விட்டுவைப்பதில்லை. மிகைமின்னழுத்தம் டிவிக்குள் நுழைய இரு வழிகள் உள்ளன: ஒன்று மின்கம்பி, மற்றொன்று கேபிள் அல்லது டிஷ் கம்பி. தென்னைகளுக்கு இடையே கம்பத்துக்குக் கம்பம் தொங்கிவரும் கேபிள் வழியாக வரும் அதிர்ச்சி, செட்டாப் பெட்டியைக் கடந்து எச்டிஎம்ஐ முனை வழியே டிவியின் மதர்போர்டைச் சென்றடைகிறது. மின் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுக் கேபிளை விட்டுவைப்பது பாதி வேலைதான். கண்ணாடி இழை வழியே வரும் இணைய இணைப்பில் அந்த இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், டிவிக்கு லேன் கம்பி கொடுக்காமல் வைஃபையில் இணைப்பது ஓரளவு பாதுகாப்பு.

ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறோம் என்று நிம்மதியடைபவர்கள் பலர். மின்னழுத்தம் ஏறி இறங்குவதைச் சமன்படுத்துவது மட்டுமே அதன் பணி. அதையும் இன்றைய டிவிகள் பெரும்பாலும் தாமே தாங்கிக்கொள்கின்றன. ஸ்பைக் பஸ்டர் சிறிய அதிர்வுகளைத் தடுக்கும். வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியிலேயே பொருத்தப்படும் மிகைமின்னழுத்தத் தடுப்பான் இவற்றைவிட வலுவானது; ஆனால் எர்த்திங் சரியில்லாத வீட்டில் அதுவும் பயன்தராது, ஏனெனில் அது திருப்பிவிடும் மின்சாரம் போய்ச் சேர மண் வேண்டும். மின்னலால் நேரும் சேதம் நிறுவன உத்தரவாதத்தில் பொதுவாக அடங்குவதில்லை. போர்டு பழுதானால் மாற்றிவிடலாம். பேனல் போனால், எந்தத் தொழில்நுட்பமாயினும், புது டிவிக்கு நெருங்கிய செலவு. 50,000 ரூபாய் டிவியை வாங்கிச் சில ஆயிரங்களை வீட்டு மின்காப்பில் போடும் குடும்பம், ஒரு லட்ச ரூபாய் டிவியைப் பழைய எர்த்திங்கில் மாட்டும் குடும்பத்தைவிட நிம்மதியாகத் துலாவர்ஷத்தைக் கடக்கும்.

அக்ரகாரத்துக்கு ஒன்று, வில்லாவுக்கு ஒன்று

வெளிச்சம் அடுத்த காரணம். திருவனந்தபுரத்தின் புதிய வீடுகள் அகன்ற சன்னல்களும் பளபளக்கும் தரை ஓடுகளும் வெள்ளைச் சுவர்களும் கொண்டவை. பகலில் கூடம் முழுவதும் ஒளி. இத்தகைய கூடத்தில் திரையும் அதற்கு ஈடாக ஒளிர வேண்டும். திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு நிட். மலிவான எல்இடி டிவிகள் 250 முதல் 300 நிட் வரை தருகின்றன. நல்ல மினி எல்இடி 1,000 நிட்டைத் தாண்டும். ஓஎல்இடி, இருண்ட காட்சியில் ஒரு சிறு பகுதியைக் கண்கூசும்படி ஒளிரச் செய்யும். ஆனால் திரை முழுவதும் வெள்ளையாக இருக்கும்போது மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்தத் தானாகவே மங்கிவிடும். செய்தி அரங்கு, கிரிக்கெட் மைதானம், தொடர்களின் விளக்கொளி வெள்ளம் பாய்ந்த வரவேற்பறை ஆகிய யாவும் வெளிச்சம் நிறைந்த காட்சிகள். நண்பகல் கூடத்தில் ஓஎல்இடியின் அரிய கறுப்பு, எதிர்ச் சன்னலின் பிம்பத்தில் மறைந்துபோகும்.

நள்ளிரவிலும் அதிகாலையிலும் உலகக் கோப்பை பார்ப்பவர்கள் இருண்ட அறையில்தானே பார்ப்பார்கள் என்று கேட்கலாம். கால்பந்து மைதானத்தில் கறுப்புக்கு வேலை குறைவு; திரை முழுவதும் ஒளி வெள்ளத்தில் மிதக்கும் பச்சை. அங்கு முக்கியம், வேகமாகச் செல்லும் பந்து பின்னால் ஒரு வால் போன்ற தடத்தை விடாமல் இருப்பது. இதில் ஓஎல்இடி மிகச் சிறப்பு. நல்ல மினி எல்இடியும் குறை சொல்ல முடியாதது. மலிவான எல்இடிகள்தான் தடுமாறுகின்றன.

கரமனை, வலியசாலை அக்ரகாரங்களின் கதை வேறு. பக்கத்து வீட்டுடன் சுவரைப் பகிர்ந்து, முன்பின்னாக நீண்டு கிடக்கும் பழைய வீடுகளில் நடுக்கூடத்துக்கு வெளிச்சம் வாசலிலிருந்தும் முற்றத்திலிருந்தும் மட்டுமே வருகிறது. பகலிலும் அரையிருள். இங்கு 1,000 நிட் தேவையில்லை. இரவில் இரண்டு பேர் அமர்ந்து ஓடிடியில் படம் பார்ப்பதே வழக்கம் என்றால், சேனல்கள் அதிகம் ஓடாத அத்தகைய வீட்டுக்கு ஓஎல்இடி முற்றிலும் பொருந்தும். ஒரே நகரம், ஒரே பணம், இரு வேறு விடைகள்.

பக்கவாட்டில் அமர்பவர்

படக்குழாய் டிவியை எங்கிருந்து பார்த்தாலும் ஒரே படம் தெரிந்தது. சோபாவில் அப்பா, தரையில் குழந்தைகள், உணவு மேசையில் பாட்டி, சமையலறை வாசலில் நின்றபடி அம்மா எனக் குடும்பம் சிதறி அமர்ந்து பார்க்கும் வழக்கம் அப்போதே உருவானது. எல்சிடி திரைகள் அந்த வழக்கத்துக்கு இடைஞ்சல் தருகின்றன. அவற்றில் ஐபிஎஸ், விஏ என இரு வகைப் பேனல்கள் உண்டு. விஏ பேனலில் நேரே இருந்து பார்த்தால் கறுப்பு ஆழமாக இருக்கும், பக்கவாட்டில் நிறம் வெளிறும். ஐபிஎஸ் பேனலில் பக்கவாட்டிலும் நிறம் மாறாது, ஆனால் இருட்டுக் காட்சிகள் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். ஒரே மாதிரிப் பெயரில் விற்கப்படும் டிவிகளிலேயே ஓர் அளவில் ஒரு பேனலும் மற்றோர் அளவில் வேறு பேனலும் இருக்கக்கூடும். பெட்டியில் இது பெரும்பாலும் குறிப்பிடப்படுவதில்லை. ஓஎல்இடியில் இக்குறை இல்லை என்பதை அதன் பக்கத்து நியாயமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கண்டறியக் கருவி எதுவும் தேவையில்லை. கடையில் ஓர் இருண்ட காட்சியை ஓடவிட்டு, நேரே நின்றும், நான்கடி விலகி நின்றும் பார்த்தால் போதும். கடைகளில் டிவிகள் கண்ணைப் பறிக்கும் காட்சிமுறையில் வைக்கப்பட்டிருக்கும். அதை வீட்டு முறைக்கு மாற்றச் சொல்ல வேண்டும். கடைக்காரர் காட்டும் 4கே மாதிரிப் படத்தில் மயில் தோகை விரிப்பதும் பழங்கள் நீரில் விழுவதும் எல்லா டிவியிலும் அழகுதான். வீட்டில் ஓடப்போவது கேபிள் சேனல். அதைப் போட்டுக் காட்டச் சொல்வதே முறை.

அங்குலமும் 4கேயும்

டிவியின் அளவை நம் வீடுகளில் இதுவரை நிர்ணயித்தது ஓரளவுக்கு வரிச் சட்டமே. 2018 ஜூலையில் 26 அங்குலம் வரையிலான டிவிகளுக்கும், 2019 ஜனவரி முதல் 32 அங்குலம் வரையிலானவற்றுக்கும் வரி 18 சதவீதமாக்கப்பட்டது. அதற்கு ஓர் அங்குலம் கூடினாலும் 28. நடுத்தரக் குடும்பத்தின் டிவி 32 அங்குலம் என்றே நிலைத்துப்போனதில் இந்த எல்லைக்கும் பங்குண்டு. அந்த எல்லை இப்போது இல்லை.

அதனால் 43-ஐயும் 55-ஐயும் நோக்கி நகர்வது இயல்பு. ஆனால் 4கே என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் தருவதற்கு முன் தூரத்தை அளப்பது நலம். சராசரிக் கண்பார்வையை வைத்துக் கணக்கிட்டால், 43 அங்குல முழு எச்டி திரையின் புள்ளிகள் சுமார் 1.7 மீட்டருக்கு அப்பால் தனித்தனியே தெரியாது. 55 அங்குலத்தில் அத்தூரம் சுமார் 2.2 மீட்டர். எட்டடி, பத்தடி தள்ளி அமரும் கூடத்தில் 43 அங்குல 4கே திரைக்கும் முழு எச்டி திரைக்கும் கூர்மையில் வேறுபாடு காண்பது அரிது. பெரிய அளவுகளில் இன்று பெரும்பாலும் 4கேதான் கிடைக்கிறது என்பதால் அதைத் தவிர்க்கவும் முடியாது. ஆனால் 8கே என்று எவரேனும் விற்க வந்தால் புன்னகையுடன் கடந்துவிடலாம். சாதாரணத் தரத்தில் வரும் கேபிள் சேனலில் 576 வரிகளே உள்ளன. திரை பெரிதாகப் பெரிதாக அதன் மங்கல்தான் பெரிதாகும். பெரிய டிவி வாங்குபவர் முதலில் தமது கேபிள் தொகுப்பை எச்டிக்கு மாற்ற வேண்டியிருக்கும். அது மாதாந்தரச் செலவு.

மின் கட்டணம் ஒரு சிறு கணக்கு. 110 வாட் எடுக்கும் ஒரு 55 அங்குல டிவி நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால், இரு மாதத்தில் 33 யூனிட். கேரள மின்வாரியத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் மொத்தப் பயன்பாட்டுக்கும் ஒரே உயர் விகிதம். ஏற்கெனவே ஏசியால் அந்த விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இந்த 33 யூனிட் அற்பமன்று. மினி எல்இடி டிவியை முழுப் பிரகாசத்தில் ஓட்டினால் இன்னும் கூடும்.

நாகர்கோவிலா, திருவனந்தபுரமா?

எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஓணச் சலுகைக்காகத் திருவனந்தபுரம் வருவோரும், தீபாவளிச் சலுகைக்காக நாகர்கோவில் செல்வோரும் உண்டு. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் களியக்காவிளையின் இருபுறமும் டிவிக்கான வரி ஒன்றே. ஆகவே வேறுபாடு கடைக்காரரின் தள்ளுபடியில் மட்டுமே உள்ளது. இந்தியாவில் விற்கப்படும் டிவியின் நிறுவன உத்தரவாதம் பொதுவாக நாடு முழுவதும் செல்லும். கடை தானாகத் தரும் கூடுதல் உத்தரவாதம் அப்படியல்ல, அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்க வேண்டும். பழுதுபார்ப்பவர் வீட்டுக்கு வரும் தூரமும் கணக்கில் வர வேண்டும்: எல்சிடி டிவியில் ஒலி வந்து படம் இருண்டுபோனால், பின்விளக்குப் பட்டையை மாற்றித் தரக்கூடியவர் எந்தச் சிறு நகரிலும் இருக்கிறார். ஓஎல்இடி பேனலுக்கு அத்தகைய உள்ளூர் வைத்தியம் கிடையாது. எல்சிடியிலும், விளக்குகளை ஓரத்தில் மட்டும் அடுக்கி மெலிதாகச் செய்யப்படும் டிவிகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் சூடு ஒரே இடத்தில் சேர்ந்து, விளக்குகள் கருகுவதும் உள்ளே உள்ள தாள்கள் நெளிவதும் ஆர்டிங்ஸின் நீண்டகாலச் சோதனையில் பதிவாகியுள்ளன.

பகலெல்லாம் சேனல் ஓடும், வெளிச்சம் நிறைந்த, பலர் சிதறி அமரும் கூடத்துக்கு, போதிய மண்டலங்கள் கொண்ட 55 அங்குல மினி எல்இடி இப்போதைக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. பக்கவாட்டில் வெளிறாததைப் பார்த்து எடுக்க வேண்டும். 43 அங்குலத்துக்கு மேல் இடமோ பணமோ இல்லாதவர்கள், நேரடிப் பின்விளக்கு உள்ள எளிய எல்இடியை எடுத்து மீதிப் பணத்தைச் சேமிக்கலாம். அந்த அளவில் கியூஎல்இடி என்ற பெயருக்காகச் சில ஆயிரம் கூடுதலாகத் தருவதை நியாயப்படுத்துவது கடினம். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிற விளக்குகளைப் பின்னால் வைக்கும் ஆர்ஜிபி மினி எல்இடி டிவிகள் 2025-இல் 115, 116 அங்குல ராட்சத அளவில் அறிமுகமாகின. அவை நடுத்தர வீட்டின் விலைக்கு இறங்கும் வரை காத்திருப்பதா என்பது, இப்போதுள்ள டிவி இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பதைப் பொறுத்தது.

வாங்குவதென முடிவு செய்தவர்கள் டிவி வந்து இறங்கும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கைச் சோதித்துக்கொள்வது நல்லது. திருவோணத்துக்கும், துலாவர்ஷத்தின் இடி வழக்கமாக வலுக்கத் தொடங்கும் அக்டோபர் நடுப்பகுதிக்கும் இடையே இவ்வாண்டு இருப்பது ஏறத்தாழ ஏழு வாரங்கள்.